தேவுடம்மா வீட்டில் புகை இல்லை

என் அண்ணி தேவுடம்மாவைப் பற்றி தெலுங்குக் கரையிலிருக்கும் எங்கள் போலம்மபேட்டையில் யாரைக் கேட்டாலும் பிடிவாதக்காரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நான் கூடவே இரண்டு வார்த்தை சொல்வேன், ஆனால் அவற்றை எழுத முடியாது. முப்பத்தொரு வயதுவரை எனக்குக் கல்யாணம் ஆகாததற்குக் காரணம் அவள்தான். அந்த ஆத்திரம் இன்னும் எனக்குள் இருக்கிறது. ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். காசிமேட்டில் ஆறு வருஷம் விசைப்படகில் போனவன் நான். திட்டுவதற்கு அங்கே கற்ற தமிழ் இதற்குப் போதும்.

அவள் பிறந்தது பக்கத்துக் கரையில். பதினான்கு வயதில் அவளுடைய அம்மா ஒரு சுருட்டைப் பற்றவைத்து, எரிகிற முனையை வாய்க்குள் வைத்துக்கொள்ளப் பழக்கிவிட்டாள். எங்கள் கரையில் பெண்கள் அப்படித்தான். கடல்காற்றில் நெருப்பு அணையாது, சாம்பல் மீன்மேல் விழாது, இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும், எதிரே பெரியவர்கள் வந்தால் வாயில் நெருப்பு இருப்பதே தெரியாது. இதற்கு அட்டபொக என்று பேர். முதல் மாதம் மேல்வாய் கொப்பளிக்கும், அப்புறம் மரத்துப்போகும். தேவுடம்மா கொட்டாவி விட்டால் மேல்வாய் முழுக்க வெந்து வெளுத்திருப்பதைப் பார்க்கலாம்.

பத்தொன்பது வயதில் என் அண்ணன் தாதாராவைக் கட்டிக்கொண்டு வந்தாள். எனக்கு அப்போது பத்து வயது. எனக்குச் சோறு போட்டவளும் அவள்தான், முதுகில் போட்டவளும் அவள்தான். பதினைந்து வருஷம் பிள்ளை தங்கவில்லை. இரண்டு வந்து இரண்டும் போயின. அதற்கப்புறம் பிறந்தவள் லிகிதா. பிறந்த வருஷமே அதற்கு இழுப்பு வந்துவிட்டது. மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழும். விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் அண்ணிக்கு உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பாள். பார்க்கிற நமக்குக் கால் வலிக்கும்.

லிகிதாவுக்கு மூன்று வயதானபோது ஸ்ரீகாகுளம் டாக்டர் ஒருவர் மார்பில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு அண்ணியிடம் சொன்னார்.

"வீட்டுல ஒருத்தர்கூட புகை குடிக்கக் கூடாதும்மா. ஒரே ஒருத்தர் குடிச்சாலும் நான் குடுக்கிற மருந்து வேஸ்ட். இப்படியே வந்துக்கிட்டு இருந்தா ஒருநாள் புள்ள தாங்காது."

வீட்டுக்கு வந்து முதல் காரியமாக அண்ணன் சட்டைப்பையிலிருந்த சிகரெட்டை எடுத்து அடுப்பில் போட்டாள். இரண்டாவது என் பீடிக்கட்டு. மூன்றாவதாக அந்த அடுப்பையே இடித்துவிட்டு, கியாஸ் வரும்வரை பக்கத்து வீட்டில் சமைத்தாள். வாசலில் உப்புத்தண்ணீர் நிரம்பிய ஒரு வாளி வந்தது. வாயில் எதையாவது புகையவிட்டுக்கொண்டு வருகிறவன் அதை அதில் போட்டுவிட்டுத்தான் படியேற வேண்டும்.

"அண்ணி, ஊர்ப் பெரியவர் வந்தா?"

"அவரு வாயும் வாய்தானே. வாளி அவருக்கும் சேர்த்துத்தான்."

அவரும் வந்தார். கங்கம்மா திருவிழாவுக்கு வரி கேட்க, பாதிச் சுருட்டோடு. அண்ணி வாளியைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள். முப்பது வருஷமாக யாரும் அவரிடம் அப்படிச் செய்ததில்லை. அவர் சுருட்டைப் போட்டார். ஒரு மாதம் எங்கள் வீட்டுப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்தது என் சம்பந்தம். பீமிலிப் பக்கத்திலிருந்து பெண்ணின் தாய்மாமன் பேச வந்தார். சம்பந்தம் பேச வருகிறவருக்கு முதலில் ஒரு சுருட்டைக் கொடுத்து, நாமே நெருப்புக் காட்டி, அது நன்றாகப் பற்றிக்கொண்ட பிறகுதான் எங்களில் பேச்சைத் தொடங்குவது. நெருப்புக் காட்டாவிட்டால் பேச விருப்பமில்லை என்று அர்த்தம். அந்த மனிதர் கால்மணி நேரம் நெருப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் தானே மடியிலிருந்து ஒன்றை எடுத்துத் தானே பற்றவைத்தார். இதற்குமேல் ஒரு மனிதன் இறங்கிவர முடியுமா? அண்ணி போய் அதை அவர் வாயிலிருந்து உருவி வாளியில் போட்டுவிட்டாள்.

அவர் எழுந்து துண்டை உதறினார். "பொண்ணு குடுக்க வந்த வாயிலேருந்தே புடுங்குறீங்க. நாளைக்கு எங்க பொண்ணு வாயிலேருந்து சோத்தப் புடுங்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?" என்றவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார்.

நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். அண்ணி அசையவில்லை.

"உனக்கு நூறு பொண்ணு கெடைக்கும். எனக்கு இது ஒன்னுதான்" என்றாள். பிறகு பின்பக்கம் போய் உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்துக் கொளுத்தி, நெருப்பு முனையை வாய்க்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எங்களை முட்டாள்கள் என்றுகூட நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போலம்மபேட்டையில் ஒருவனுக்கும் அது புரியவில்லை. எங்களுக்குப் புகை குடிப்பது என்றால் ஆண்கள் செய்வது. வாயிலிருந்து மேகம் மாதிரி வெளியே வரும், முனையில் நெருப்பு தெரியும். பெண்கள் அட்டபொக போடுவது வெற்றிலை போடுவது மாதிரி. நெருப்பே உள்ளே இருக்கிறது, புகை எங்கே வெளியே வரப்போகிறது? அண்ணி வேலை செய்த இறால் உரிக்கிற ஷெட்டிலும் இதே கதைதான். 'புகை பிடிக்கக் கூடாது' என்று பெரிய பலகை மாட்டியிருந்தார்கள். பீடி பிடித்த ஐஸ் வண்டிக்காரனை வெளியே தள்ளினார்கள். உள்ளே முப்பது பெண்கள் வாயை மூடிக்கொண்டு இறால் உரித்தார்கள். மேஸ்திரி அவர்களுக்கு நடுவில்தான் நடந்துகொண்டிருந்தான். அவனும் எங்கள் ஊர்க்காரன்தானே.

இரண்டு வருஷம் ஓடியது. இழுப்பு குறையவில்லை. மாதம் ஒருமுறை வந்தது வாரம் ஒருமுறை என்றானது. அண்ணிக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. யாரோ ஏமாற்றுகிறார்கள். கரையில் படகு தட்டியதும் ஓடிவந்து எங்கள் சட்டையை மோந்து பார்ப்பாள். பத்துப் பேர் முன்னால்.

"வாயைத் தொற."

"அண்ணி, நான் என்ன மாடா?"

"மாடு பொய் சொல்லாது. தொற."

அண்ணன் நிஜமாகவே விட்டுவிட்டான். அவன் அப்படிப்பட்ட ஆள், சொன்னால் சொன்னதுதான். நான் விடவில்லை. விட்டுவிட்டேன் என்று போலம்மா கோயிலில் சத்தியம் செய்தேன், ஆனால் படகில் நாலைந்து பீடி, கரைக்கு வருவதற்கு முன் கொய்யா இலையை மென்று துப்பிவிடுவேன். வீட்டுக்குள் ஒருநாளும் குடித்ததில்லை. அதனால் சத்தியத்தில் ஓட்டை இல்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் பிள்ளைக்கு விசில் சத்தம் வரும்போதெல்லாம் என் காலரை நானே மோந்து பார்ப்பேன். என்னாலா? என் சட்டையிலிருந்தா? வீட்டில் இருக்கவே முடியாது. கரைக்குப் போவேன். கரையில் போய் வேறென்ன செய்வேன், இன்னொரு பீடி.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம் போட்டார்கள். விஜயவாடா பக்கத்து இளம் டாக்டரம்மா ஒருத்தி ஸ்ரீகாகுளம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். அவளிடம் ஒரு சின்னக் கருவி இருந்தது. ஊதினால் உடம்புக்குள் எவ்வளவு புகை இருக்கிறது என்று எண் காட்டும். இந்தச் செய்தி அண்ணி காதில் விழுந்த அடுத்த நிமிஷம் எங்கள் வீட்டில் இரண்டு ஆண்களும் குளித்து, சட்டை மாற்றி, தெருவில் நடந்துகொண்டிருந்தோம். லிகிதா அவள் தோளில். பின்னாலேயே ஊரில் பாதி. எல்லாஜி என்கிற நான் மாட்டிக்கொள்ளப் போவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? காலையில்தான் மூன்று பீடி குடித்திருந்தேன். கொய்யா இலை அந்தக் கருவிக்குப் புரியுமா என்று தெரியவில்லை.

"ரெண்டு பேரையும் ஊதச் சொல்லுங்கம்மா. யாரு என் புள்ள மூச்சைத் திங்கிறாங்கன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள் அண்ணி.

அண்ணன் ஊதினான். மூன்று.

"நல்லது. ஆறுக்குக் கீழ இருந்தா குடிக்காதவங்கன்னு அர்த்தம்" என்றாள் டாக்டரம்மா.

நான் ஊதினேன். பதினொன்று.

அண்ணி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. "போலம்மா மேல சத்தியம் பண்ணினியேடா" என்றாள், சத்தமே இல்லாமல். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கூட்டத்தில் ஒருத்தன், "போலம்மாவுக்கே பீடி நாத்தம் அடிச்சிருக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் படகில் மட்டும்தான், வீட்டில் இல்லை என்று உளறிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மாவுக்கு என்ன தோன்றியதோ, புதுக் குழலை மாட்டிக் கருவியை அண்ணியிடம் நீட்டினாள்.

"நீங்களும் ஊதுங்க."

"நான் எதுக்கு? நான் குடிக்கிறதில்லையே."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவள் வாயில் நெருப்பு இருந்ததைப் பார்க்காதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் பொய் சொன்னதாக யாருக்கும் தோன்றவே இல்லை.

"சும்மா ஊதுங்க."

குடிக்காதவள் மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்டுவதற்காகவே அவள் நெஞ்சை நிமிர்த்தி ஊதினாள். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. முப்பத்தொன்று.

"மிஷின் தப்பு" என்றாள் அண்ணி.

இன்னொரு குழல். முப்பத்திரண்டு.

"சுருட்டு குடிப்பீங்களா?"

"இல்லம்மா."

"பீடி?"

"ச்சீ. அந்தக் கருமம் எல்லாம் எனக்குப் பழக்கம் இல்ல."

டாக்டரம்மா எங்களைப் பார்த்தாள். எனக்கு அண்ணி மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும், வெளியூர்க்காரி ஒருத்தி அவளைப் பொய்க்காரி மாதிரிப் பார்ப்பது பொறுக்கவில்லை. அவளுக்காகப் பேசுகிறேன் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன்.

"அவங்க சத்தியமா குடிக்க மாட்டாங்க டாக்டரம்மா. அட்டபொக மட்டும் போடுவாங்க, அவ்வளவுதான்."

"அப்படின்னா?"

அண்ணியே பெருமையாக மடியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். "இதோ, இந்த முனையைக் கொளுத்தி இப்படி உள்ள வச்சுக்குவோம். நெருப்பு உள்ள இருக்கும்மா, புகை வெளிய வராது. என் வயித்துக்குள்ளயே போயிடும். அடுத்தவங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

டாக்டரம்மா கருவியை மேசைமேல் வைத்தாள். லிகிதாவைப் பார்த்தாள். பிள்ளை அண்ணியின் கழுத்துக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. லேசான விசில்.

"மூச்சு விடுவீங்கல்ல அக்கா?"

"விடாம எப்படி இருப்பேன்?"

"எது வழியா விடுவீங்க?"

அண்ணி மூக்கைத் தொட்டுக் காட்ட வந்தாள். கை பாதியில் நின்றது.

"பாப்பா எங்க படுக்கும்?"

"என் நெஞ்சு மேலதான்."

"இழுப்பு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"தோள்ல போட்டுக்கிட்டு நடப்பேன். அடங்குற வரைக்கும் நடப்பேன்."

"அப்ப வாயில இது இருக்குமா?"

பதில் எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் அவளுக்குப் பயம் வரும். பயம் வந்தால் ஒன்று அணைவதற்குள் இன்னொன்று போடுவாள். அன்று அவள் எவ்வளவு நடந்தாளோ அவ்வளவு சுருட்டு. பிள்ளை எவ்வளவு திணறியதோ அவ்வளவு புகை. ஐந்து வருஷம். இரண்டு வருஷமாகச் சட்டையை மோந்தவளுக்குத் தன் மூச்சை மோந்து பார்க்கத் தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. எனக்கு அவள் மேல் எத்தனை கோபம், குற்றம் கண்டுபிடிக்க எவ்வளவு ஆசை, எனக்கே தோன்றவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கழுத்தில் சுற்றியிருந்த பிள்ளையின் கையைப் பிரித்து, அண்ணன் தோளில் போட்டாள். "நீ வச்சுக்கோ. என்கிட்ட குடுக்காத. அவளே கேட்டாலும் குடுக்காத" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். வீட்டுக்குப் போகவில்லை. கரையில் எங்கள் வலை வைக்கிற கொட்டகைக்குப் போனாள்.

அந்த ஒரு மாதம் அவளுக்குச் சோறு கொண்டுபோனவன் நான். பல நாள் சோறு என் தலைக்கு வந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம். கை சும்மா இருக்காது. நல்ல வலையைப் பிரித்துவிட்டு மறுபடி பின்னுவாள். கடல் ஓரமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் நடந்துபோய்த் திரும்புவாள், திரும்பிய சூட்டோடு மறுபடி கிளம்புவாள். புளியங்கொட்டையை வறுத்து மெல்லுவாள். ஈ பறந்தால் ஈயைத் திட்டுவாள். இறால் ஷெட் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டு அவளைப் பதம் பார்த்தார்கள்.

"ஒன்னே ஒன்னு போட்டுக்கோடி. கொட்டகையிலதானே இருக்க. அங்க இருக்கிற புள்ளைக்கு இங்கேருந்தா எட்டப்போவுது?"

"நம்ம அம்மா ஆத்தா எல்லாம் போட்டாங்க, நாம செத்தா போயிட்டோம்?"

"செத்தவ வந்து சொல்ல மாட்டா" என்றாள் அண்ணி. "ரெண்டு போச்சே எனக்கு. அது எதனால போச்சுன்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" அதற்குப் பிறகு அவர்கள் யாரும் வற்புறுத்தவில்லை. வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுத்தான் பேச்சைத் தொடர்ந்தார்கள். அது அன்றைக்கு மட்டும்தான், மறுநாள் ஷெட்டில் பழையபடிதான்.

ஏழாம் நாள் தோற்றுப்போனாள். நான் போனபோது மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மறைக்கவில்லை. முழுசாக முடித்துத் துப்பிவிட்டு, "நாளைலேருந்து ஒன்னு" என்றாள். ஏழு நாள் கணக்கை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். பிள்ளை கொட்டகை வாசல்வரை அழுதுகொண்டு ஓடிவந்த நாள்களில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அம்மா அம்மா என்று வெளியே சத்தம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அண்ணனால் அதைப் பார்க்க முடியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான்.

ஆனால் விசில் சத்தம் குறைந்தது. அந்த மாதம் இரண்டே முறை. அதுவும் மருந்துக்கு அடங்கியது. அதைப் போய்ச் சொன்னபோதுதான் அவள் முகம் உடைந்தது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்துச் சொன்னேன், நான் ஒரு மடையன். அவள் இல்லாததால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று அல்லவா சொல்லியிருக்கிறேன்.

நாள் கணக்கை அவள் நம்பவில்லை, கருவியைத்தான் நம்பினாள். ஸ்ரீகாகுளம் போய் டாக்டரம்மாவிடம் மூன்று முறை ஊதிக் காட்டினாள். மூன்றாம் முறை நான்கு என்று வந்தது. அன்று சாயங்காலம் சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளித்து, பெட்டியிலேயே இருந்த புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நானும் அப்போதுதான் படகிலிருந்து வந்து படியில் உட்கார்ந்திருந்தேன்.

"லிகிதா, அம்மா வந்துட்டேன்."

பிள்ளை ஓடிவந்தது. தூக்கிக்கொண்டாள். பழையபடி கழுத்துக்குள் மூக்கை வைத்தது. இரண்டு முறை மோந்தது. பிறகு தலையைப் பின்னால் இழுத்து அவள் முகத்தைப் பார்த்தது, மறுபடி மோந்தது. உதடு பிதுங்கியது.

"நீ எங்கம்மா இல்ல."

"அம்மாதான்டி. பாரு."

"இல்ல. அம்மா வாசனை வரல." உதைத்துக்கொண்டு அவள் இடுப்பிலிருந்து இறங்கியது. நேராக என்னிடம் வந்தது. எட்டி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சட்டைக் காலருக்குள் மூக்கைப் புதைத்து, நீளமாக மூச்சை இழுத்தது. "சித்தப்பாகிட்டதான் அம்மா வாசனை வருது" என்றது. அதன் உடம்பு என் மேல் தளர்ந்துவிட்டது.

அன்று படகில் நான்கு குடித்திருந்தேன். முகாமுக்குப் பிறகும் விடவில்லை. அண்ணியே இல்லாத வீட்டில் யார் மோந்து பார்க்கப்போகிறார்கள் என்று கொய்யா இலையைக்கூட விட்டுவிட்டிருந்தேன். பிள்ளையின் மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. துடைப்பம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணி இருந்த இடத்திலேயே இருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவில்லை.

"அவளை இறக்கி விடு எல்லாஜி" என்றாள்.

நான் கழுத்திலிருந்து அந்தக் கைகளைப் பிரித்துப் பிள்ளையைத் தரையில் விட்டேன். அது என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி அழுதது. நான் படியிறங்கித் தெருவில் போய் நின்றேன்.